நூறு புதியவர்களைத் தேடுமுன் போனவர்களிடம் பேசுங்கள்: எங்கள் சங்கச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வியாழக்கிழமை இரவு 10.40க்கு நம் சனிக்கிழமை வகுப்புத் தன்னார்வலர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையை நான் நாலு தடவை படித்துவிட்டேன். அதில் மூன்று விஷயம் இருக்கிறது. அடுத்த பள்ளித் தவணைக்குள் 100 புதிய தன்னார்வலர்களைச் சேர்க்கப் போகிறீர்கள், அதற்கு ஒரு தொடக்க விழா, டீ-சட்டை, பதாகை எல்லாம் உண்டு. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராதவர் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் பிறையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) என்று கொடுத்துவந்த பெட்ரோல் காசு நிறுத்தப்படும். இதைப் படித்து முடிப்பதற்குள்ளேயே குழுவிலிருந்து ஐந்து பேர் நீக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பெயராகத் திரையில் வந்தது. மூன்றாவது பெயர் கணக்குப் பாடம் எடுக்கும் அக்கா, எங்களுக்கெல்லாம் கணக்கு அக்கா.

நான் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். பினாங்கு பிரீ ஸ்கூலில் 1816ல் தொடங்கிய தமிழ் வகுப்பை வைத்து, மலேசியாவில் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு என்று 2016ல் நாடு முழுக்கக் கொண்டாடினோமே, அந்த உற்சாகத்தில் நம் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தவள். பட்டர்வொர்த்தில் வீடு, பிறையில் கணக்கர் வேலை. இடைநிலைப்பள்ளிக் கடைசி இரண்டு வகுப்பான படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். இத்தனை வருஷத்தில் செயலவையைப் பற்றி வெளியே ஒரு வரி எழுதியதில்லை. இதையும் முதலில் செயலாளருக்குத் தனியாகத்தான் அனுப்பினேன், இரண்டு தடவை. நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கணக்கு அக்கா 11 வருஷமாக நம்மோடு இருக்கிறார். அவர் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது, வாரம் 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். மையத்தில் காலியாக இருந்த இடம் செவ்வாய், வியாழன், சனி காலை. வேறு நாள் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க வேறு ஆளும் இல்லை. சனிக்கிழமை அவர் எப்படி வருவார்?

போன மாதம் நான் அவரைப் பார்க்க அந்த மையத்துக்கே போனேன். உள்ளே அம்மாவுக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய டப்பா மூடி, அதன்மேல் படிவம் 5 பிள்ளைகளின் கணக்குத் தாள். தாளைத் தன் மகன்வழியாக வாங்கிவரச் சொல்லி, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு படியையும் திருத்தி, எங்கே தவறு என்று ஓரத்தில் எழுதி, போனில் படம் பிடித்து அந்தந்தப் பிள்ளைக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு வீட்டிலிருந்தே ஒரு மணி நேரம் வகுப்பும் நடத்துகிறார், 9 பிள்ளைகள் சேருகிறார்கள். இது உங்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை. பதிவேடு வகுப்பு நடக்கும் கடைவீட்டு மாடியில் இருக்கிறது, மாடிக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவர் வந்ததாகக் கணக்கு.

வியாழக்கிழமை இரவு 11 மணிக்கு எனக்கு அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "தங்கச்சி, நான் இனிமே வரவேண்டாமா?"

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வகுப்பு எதற்காக என்பதைப் புதிதாக வந்த செயலவை உறுப்பினர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 1996 கல்விச் சட்டப்படி ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், நடைமுறையில் முடியுமென்றால், தமிழ் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்த பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடிந்ததும் நாலைந்து பள்ளிக்குச் சிதறிப்போகிறார்கள். ஒரு பள்ளியில் 8 பேர், இன்னொரு பள்ளியில் 11 பேர். 15 எட்டுவதில்லை, கேட்கவும் ஆள் இருப்பதில்லை, அந்தப் பிள்ளையின் தமிழ் அங்கேயே நின்றுவிடுகிறது. அவர்கள் படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுத வேண்டும் என்றுதான் டத்தோ கெராமட் சாலைப் பக்கம் அந்தக் கடைவீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். அப்புறம் 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமென்றால் மலாய் மொழியோடு வரலாறும் தேற வேண்டும் என்று வந்தது, அதனால் வரலாறு சேர்ந்தது, கணக்கும் சேர்ந்தது. இப்போது ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு இல்லை, படிவம் 3ல் எழுதிய பி.டி.3 தேர்வு இல்லை, பிள்ளைக்குச் சான்றிதழ் தரும் முதல் பெரிய அரசுத் தேர்வே எஸ்.பி.எம்.தான். அதற்கு முன்னால் அவனை உட்கார வைத்து, தாளைத் திருத்தி, எங்கே பலவீனம் என்று சொல்ல வெளி ஆள் வேண்டும். வாரம் ஓர் ஆள் மாறினால் அது நடக்காது. பிள்ளையை ஒரு வருஷமாவது தொடர்ந்து பார்த்தவர் வேண்டும்.

சரி, என் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம் ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். சேர்ந்த புதிதில் யார் எந்த வகுப்பு எடுக்கிறார்கள் என்று மறக்காமல் இருக்க எழுத ஆரம்பித்தேன். அப்புறம் யாராவது வராமல் போனால் கடைசியாக வந்த தேதியைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைத்தேன். 2016லிருந்து அதில் 41 பெயர் இருக்கிறது. இன்றைக்கும் வருகிறவர்கள் 9 பேர். 32 பேர் போய்விட்டார்கள்.

சுற்றறிக்கை வந்த அந்த வார இறுதியில் அந்த 32 பேரையும் கூப்பிட்டேன். 23 பேர் போனை எடுத்தார்கள். ஆறு பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று வேலை கிடைத்துப் போனவர்கள், அது யாராலும் தடுக்க முடியாதது. மூன்று பேருக்குக் கைக்குழந்தை. மீதி 14 பேர் சொன்னதை நான் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன், பெயர் மட்டும் மறைத்து. வார்த்தை வேறு வேறாக இருந்தாலும் சொன்னது ஒன்றுதான்: ஒரு வாரம் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வரவில்லை, அப்போதும் கேட்கவில்லை. சரி, நாம் இல்லாமலே நடக்கிறது போலிருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் சங்கத்தின்மேல் கோபம் இல்லை. ஒருவர், முன்பு மலாய் மொழி எடுத்தவர், "யாராச்சும் ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேன்மா" என்றார். அவர் வீடு நம் மாடியிலிருந்து நடக்கிற தூரம்.

ஒருவர் வராததை நம் சங்கம் முதன்முதலாகக் கவனித்திருப்பது இந்தச் சுற்றறிக்கையில்தான். கவனித்ததும் செய்த வேலை, பெயரை எடுத்தது.

நீக்கப்பட்ட ஐவரில் இன்னொருவர் வரலாறு எடுக்கும் தம்பி. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், 4 நாள் வேலை, 2 நாள் ஓய்வு. இந்தச் சுற்று 6 நாளில் முடிகிறது, வாரத்துக்கோ 7 நாள். ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டுப் பாருங்கள்: தொடர்ந்து 4 சனிக்கிழமை அவருக்கு வேலை வரும், அப்புறம் 2 சனிக்கிழமை ஓய்வு வரும், மறுபடியும் 4. மூன்று சனிக்கிழமை விதி வந்த அன்றே அவர் வெளியே. அவர் எந்தத் தப்பும் செய்ய வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் வரும் நாட்களில் காலை 7 மணிக்கு வேலை முடிந்து நேராக நம் மாடிக்கு வருவார். பின்வரிசை மேசையில் கொஞ்ச நேரம் தலை சாய்ப்பார், கீழே கடையில் ஒரு தே தாரிக் தேநீர், 9 மணிக்கு மலாக்கா சுல்தானியத்தில் ஆரம்பிப்பார். பிள்ளைகள் அவர் எழுந்துகொள்ளும்வரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பினாங்கில் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் இப்படி ஷிப்ட்டில்தான் வேலை செய்கிறார்கள். ஷிப்ட் வேலை செய்கிறவர் நம் சங்கத்தில் தொண்டு செய்யக்கூடாது என்பது உங்கள் எண்ணமாக இருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். ஆனால் உங்கள் விதி அதைத்தான் சொல்கிறது.

பெட்ரோல் காசுக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிளுக்குத்தான் பினாங்குப் பாலத்தில் டோல் இல்லையே என்று பொருளாளர் போன கூட்டத்தில் சொன்னார். உண்மைதான், 2019 ஜனவரி 1லிருந்து இல்லை. ஆனால் பாலம் மட்டுமே 13.5 கிலோமீட்டர், சுங்கை பாக்காப்பிலிருந்து வருகிற மாணவி ஆசிரியைக்கு அது பாதி வழிகூட இல்லை. காரில் வருகிறவர்களுக்கு டோல் இன்னும் இருக்கிறது. கடலைத் தாண்டி வருகிறவர்கள் இப்போது ஆறு பேர். 15 வெள்ளி, ஆறு பேர், மாதம் நாலு சனிக்கிழமை, மொத்தம் 360 வெள்ளி. இது முடியாது என்றால் முடியாது, சங்கத்தின் கையில் காசு இல்லாத காலமும் இருந்திருக்கிறது, அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதே அறிக்கையில் 100 டீ-சட்டை இருக்கிறது. இருக்கிற ஆறு பேரின் 15 வெள்ளியை எடுத்து, இன்னும் வராத 100 பேருக்குச் சட்டை தைக்கிறோம் என்று அந்த ஆறு பேரும் நினைப்பார்களா மாட்டார்களா? எனக்கு அந்தக் காசு வேண்டாம், நான் சம்பாதிக்கிறேன். சுங்கை பாக்காப் தங்கச்சிக்கு வேண்டும், அவள் கேட்கமாட்டாள்.

இளையவர்கள் வருவதில்லை என்ற வருத்தம் தலைவருக்கு எப்போதும் உண்டு, மேடையிலும் சொல்கிறீர்கள். ஐயா, வந்தார்கள். 2022ல் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்கள் பழைய வினாத்தாள்களை எல்லாம் தலைப்புவாரியாகப் பிரித்து, பிள்ளைகள் போனிலேயே பார்க்கும்படி போட்டுத் தருகிறோம் என்று கேட்டார்கள், அதற்குச் செயலவை கூடி முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னோம். கூட்டம் இரண்டு மாதம் கழித்துத்தான் நடந்தது, அதில் அந்த விஷயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர்கள் செய்தது விழாவுக்கு நாற்காலி அடுக்கியது, பொன்னாடைத் தட்டு ஏந்தியது, படம் எடுத்தது. நாலு பேரும் போய்விட்டார்கள். பொறுமை இல்லாத பிள்ளைகள் என்று நாம் சொல்லிக்கொண்டோம். நானும்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு காலத்தை மட்டும் நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 18ல் கோவிட்டால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மாடி பூட்டிக் கிடந்தது. விழா இல்லை, சான்றிதழ் இல்லை, பெட்ரோல் காசு பேச்சே இல்லை. அவரவர் போன் டேட்டாவைப் போட்டு வகுப்பு எடுத்தோம், வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்குத் தாள் எடுத்துப் போய் வாசற்கதவில் மாட்டிவிட்டு வந்தோம். அந்தக் கொடுமையான மாதங்களில் என் 555 புத்தகத்தில் ஒருவருக்குக்கூடக் கடைசித் தேதி எழுதவில்லை. ஒருவர்கூடப் போகவில்லை! ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்போதிருந்த செயலாளர் தினமும் மாலை இரண்டு பேருக்குப் போன் போடுவார். வகுப்பைப் பற்றிக்கூட இல்லை, "சாப்பிட்டீங்களா, அப்பாவுக்கு மருந்து கிடைச்சதா" என்று. வாரத்தில் எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிடுவார். மாடி மறுபடி திறந்தது, அவர் பதவி முடிந்து போனார், போன் நின்றது. அதற்கப்புறம்தான் புத்தகத்தில் தேதி தேதியாக விழ ஆரம்பித்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மலாய் மொழி எடுத்தவர் வராமல் போனபோது படிவம் 4ல் ஒரு பெண் பிள்ளை இருந்தாள், மலாய்க் கட்டுரை மட்டும் வராது, மற்றதெல்லாம் சுமாராக வரும். அவர்தான் அவளுக்கு வாரம் ஒரு கட்டுரை எழுதவைத்துத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை எழுதி எடுத்து வந்தாள், ஆசிரியர் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே தாளை எடுத்து வந்தாள். மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "டீச்சர், இத யார்கிட்ட குடுக்கறது?" என்று கேட்டாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன், என் மலாய் அவளுக்குத் திருத்தும் அளவுக்கு இல்லை, யாரிடமாவது கொடுக்கலாம் என்று பைக்குள் வைத்தேன். அப்புறம் அவள் வரவில்லை. சனிக்கிழமையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போவதாகத் தோழி சொன்னாள். அந்தத் தாள் இன்னமும் 555 புத்தகத்துக்குள் மடித்துத்தான் இருக்கிறது.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். ஆசிரியர் வராமல், சொல்லவும் செய்யாமல், 14 பிள்ளைகள் மாடிப்படியில் 10 மணிவரை உட்கார்ந்திருந்த நாளில் நானும் அங்கேதான் இருந்தேன். பெற்றோர் திட்டியது செயலாளரைத்தான், அது நியாயமில்லை. ஒழுங்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சொல்லாமல் வராமல் இருப்பது வேறு, சொல்லிவிட்டு வராமல் இருப்பது வேறு, வேறு நாளில் வேறு விதமாகச் செய்வது வேறு. இந்த மூன்றையும் ஒரே விதியில் போட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் வழக்கு. 1966 சங்கங்கள் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புகிறீர்கள், வருஷா வருஷம் தவறாமல், அந்த உழைப்பு எனக்குத் தெரியும். கணக்கில் அத்தனை கவனமாக இருக்கிற நம் சங்கத்தின் எந்தத் தாளிலும் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்ற கணக்கு மட்டும் இல்லை. 100 பேர் வருவார்கள், நான் சந்தேகப்படவில்லை. பந்திக்கு அழைத்து உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் விட்டால் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார்கள்?

நான் கேட்பது இவைதான்.

நீக்கிய ஐவரையும் இந்தச் சனிக்கிழமைக்குள் குழுவில் திரும்பச் சேருங்கள். சேர்ப்பது மட்டும் போதாது, தலைவரோ செயலாளரோ ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும், குறுஞ்செய்தி வேண்டாம்.

மூன்று சனிக்கிழமை விதியை நிறுத்திவையுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பேர் என்று போட்டு, மாதத் தொடக்கத்திலேயே யார் எந்தச் சனிக்கிழமை என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். ஷிப்ட் தம்பியும் இன்னொருவரும் மாறி மாறி வந்தால் மாடிப்படியில் பிள்ளைகள் உட்கார வேண்டியதில்லை. வீட்டிலிருந்து எடுக்கும் வகுப்பையும், திருத்திக் கொடுக்கும் தாளையும் வருகையாகப் பதிவேட்டில் ஏற்றுங்கள், கணக்கு அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலிருந்தே தொடங்கலாம்.

கடல் தாண்டி வருகிறவர்களின் 15 வெள்ளியைத் திரும்பக் கொடுங்கள். காசு போதாது என்றால் டீ-சட்டையைக் குறையுங்கள், அதுவும் முடியாது என்றால் வரவு செலவை எங்கள் முன்னால் வைத்துப் பேசுங்கள், நாங்கள் ஒத்துழைப்போம்.

100 பேருக்கான தொடக்க விழாவை ஒரு தவணை தள்ளிப்போடுங்கள். அதற்குள் என் புத்தகத்தில் இருக்கும் அந்த 14 பேரைச் செயலவை கூப்பிட்டுப் பேசட்டும். அவர்களில் ஏழு பேர் திரும்பி வந்தாலே இந்த வருஷப் படிவம் 5 பிள்ளைகளுக்குப் போதும்.

யாராவது ஒரு சனிக்கிழமை வரவில்லை என்றால் அன்று மாலையே கூப்பிட்டு நலம் விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். விளக்கம் கேட்பதற்காக இல்லை, விசாரிப்பதற்காக. வேறு ஆள் கிடைக்கும்வரை நான் செய்கிறேன்.

செயலவைக் கூட்டத்துக்கு வகுப்பு எடுக்கிறவர்களில் இரண்டு பேரை அழையுங்கள், அதில் ஒருவர் 25 வயதுக்குக் கீழே இருக்கட்டும். ஓட்டுரிமை வேண்டும் என்றால் விதியைத் திருத்த வேண்டியிருக்கும், அது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்குப் பேச இடம் போதும்.

இம்மாதம் 30ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். மாடியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் சரி. பதில் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நான் வகுப்பில் இருப்பேன், அங்கே வந்தும் பேசலாம்.

கணக்கு அக்காவைக் கூப்பிடும்போது செவ்வாய், வியாழன், சனி காலை வேண்டாம், அப்போது அம்மாவோடு மையத்தில் இருப்பார். மற்ற நாட்களில் மாலை 5 மணிக்குமேல் எடுப்பார்.

இப்படிக்கு,
படிவம் 4, 5 தமிழ் வகுப்புத் தன்னார்வலர்,
பட்டர்வொர்த்